சிம்னியை வெட்டாதீர்கள், ஸார்!

ஆலா என்று ஒரு பறவை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காசிமேட்டிலோ மெரினாவிலோ நின்றுகொண்டு, ‘ஏதோ கடல் புறா’ என்று சொல்லிவிட்டுச் சுண்டலுக்குத் திரும்பியிருப்பீர்கள். புறாவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஒல்லி உடம்பு, கத்தி மாதிரி இறக்கை, தலையில் கறுப்புத் தொப்பி. (குளிர்காலத்தில் நெற்றிப் பக்கம் வழுக்கை விழுந்தாற்போல் அது வெளுத்துவிடும்.) தண்ணீருக்கு மேலே, அலகைக் கீழே நீட்டியபடி, ஒரே இடத்தில் படபடவென்று நிற்கும். குறி பார்க்கிறது என்று அர்த்தம். சட்டென்று இறக்கையை மடக்கும். தலைகீழாக விழும். தண்ணீரில் ஒரு சின்ன வெள்ளைப் பூ. மறு விநாடி வாயில் மீனோடு மேலே வந்திருக்கும்.

எல்லா ஆலாவும் இப்படிப் பாயாது. மீசை ஆலா பெரும்பாலும் நீர்ப்பரப்பை உரசிக்கொண்டே பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். தலைகீழ் வித்தைக்காரர்கள் கொண்டை ஆலாவும், சிவப்பு அலகுக் காஸ்பியன் ஆலாவும். இவர்கள் தண்ணீரைத் தொடுகிற அந்தக் கணத்தைப் படம் பிடிப்பதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. லேசுப்பட்ட காரியமில்லை. விநாடியில் 2,500-ல் ஒரு பங்கு நேரம்தான் ஷட்டர் திறக்கவேண்டும். படகு ஆடும். பறவை எங்கே விழும் என்று அதற்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். விடாமல் பட்டனை அமுக்கி ஆயிரம் படம் எடுத்தால் ஒன்று தேறும். சும்மா சொல்லக்கூடாது, தேறுகிற அந்த ஒன்று பிரமாதமாக இருக்கும்.

என் சண்டை அந்த ஒன்றோடுதான்.

எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்த ஆலா படங்களைப் பாருங்கள். தங்கத்தை உருக்கி ஊற்றினாற்போல் தண்ணீர். நடுவில் அம்பு மாதிரிப் பறவை. பின்னால் எதுவுமே இல்லை. நார்வேயா நியூஸிலாந்தா என்று சந்தேகம் வரும். கீழே ‘சென்னை அருகே’ என்று போட்டிருப்பார்கள். எண்ணூர் என்று எழுதக்கூட மனசு வருவதில்லை. கேட்டால், ‘கிளீன் பேக்கிரவுண்ட்’ என்பார்கள். போட்டி நடுவர்களுக்கு அதுதான் பிடிக்குமாம்.

எண்ணூரில் கிளீன் பேக்கிரவுண்ட்! இதைவிடப் பெரிய பொய்யை ஒரு கேமரா சொல்லமுடியாது.

கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடுகிற இடம் அது. அதைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிடுவோம். வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். மேற்கே வல்லூரில் இன்னொரு அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட். கடலோரமாகக் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். தெற்கே, 2017-ல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையம். அதற்கும் கீழே உரத் தொழிற்சாலை. கொஞ்சம் உள்ளே போனால் மணலி சுத்திகரிப்பு ஆலை. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் கழிமுகத்தின் குறுக்கே ஓடுகின்றன. அவை உடைந்து ஒழுகிச் சேறு சாம்பல் நிறமானது பசுமைத் தீர்ப்பாயம்வரை போன விவகாரம். இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ஆலா விழுகிறது. இவ்வளவையும் வெட்டிவிட்டு ஒரு படம் எடுக்க, நிஜமாகவே தனித் திறமை வேண்டும்!

ஒருமுறை இப்படி ஒரு குழுவோடு நானும் படகில் போனேன். ஐந்து பேர், நான்கு லென்ஸ். ஒவ்வொன்றும் பீரங்கி சைஸ். (புதிதாக வாங்கினால், பெரிய ரகம் பத்து லட்சத்தைத் தாண்டும்.) என்னிடம் பைனாகுலர் மட்டும். கொஞ்ச தூரம் போனதுமே ஒரு நண்பர் ஆரம்பித்தார்: “அண்ணே, சிம்னி ஃப்ரேம்ல வருது. சிம்னி இல்லாத பக்கமா கொஞ்சம் திருப்புங்களேன்.”

படகுக்காரர் சிரித்தார். “இல்லாத சைடுக்கு நான் எங்க சார் போவேன்? இந்தாண்ட வல்லூரு, அந்தாண்ட அத்திப்பட்டு, பின்னாடி ஹார்பரு. மேல பாத்து எடு சார், வானம்தான் காலியா கீது.”

அவர் கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நண்பர் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு மேலே பார்த்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, ஒரு சிம்னியை வெட்டினால் என்ன குடி முழுகிவிடும்? கலை என்றால் தேர்ந்தெடுப்பதுதானே? நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வரைபடக் கதை.

1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல வரைபடம் ஒன்று உண்டு. அதில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. கட்டுமானம் கூடாத, பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருக்கிறது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோது இன்னொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகத்தையே காணோம்! நித்யானந்த் ஜெயராமன் போன்ற சூழலியல்வாதிகள் 2017-ல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்தாரே, நாம் விழுந்து விழுந்து சிரித்தோமே, அதேதான். இங்கே தொலைந்தது கிணறு அல்ல, ஆறு. அதே 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா மூக்கில் மாஸ்க்கோடு எண்ணூரில் நின்று ‘சென்னை புறம்போக்கு பாடல்’ பாடியதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அவர் நின்ற இடமே காகிதத்தில் தகராறு.

இப்போது நம் ஆலாவுக்கு வருவோம். ஆலா கட்டாந்தரையில் தலைகீழாகப் பாயாது. அவ்வளவு முட்டாள் பறவை இல்லை. அது ஓர் இடத்தில் பாய்கிறது என்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்குள் மீன் இருக்கிறது. அந்தப் பாய்ச்சலின் படத்தில் பின்னால் வல்லூர் சிம்னியும் தெரிந்தால், அது எந்த இடம் என்று ஒரு பொடியன்கூடச் சொல்லிவிடுவான். தேதியும் இருந்தால் எந்த நாள் என்பதும் தெரிந்துவிடும். ஒரே படம்: இங்கே ஆறு உண்டு, இந்தத் தேதியில் மீன் உண்டு, அதை நம்பிப் பறவை உண்டு. எந்த வரைபடம் இதை மறுக்கும்?

சிம்னியை வெட்டிய அதே படம் எதை நிரூபிக்கும்? உங்களிடம் நல்ல லென்ஸ் இருக்கிறது என்பதை.

படத்துக்கு அவ்வளவு பலமா என்று கேட்காதீர்கள். எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. இரண்டொரு நாளில் கரையெல்லாம் தார் மாதிரி எண்ணெய். செத்து ஒதுங்கிய ஆமைகள். மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் பக்கெட்டில் எண்ணெய்ச் சகதியை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். அந்தப் பக்கெட் படம் நாடு முழுக்கப் போனது. அதற்கப்புறம் ‘பாதிப்பில்லை’ என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தப் படங்களில் கிளீன் பேக்கிரவுண்ட் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு சேர்ந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூருக்கு வந்து சேர்ந்தது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது நிறுவனம். சி.பி.சி.எல்.லிலிருந்து வந்ததுதான் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கறை. படகு, வலை எல்லாம் கறுப்பு. இந்தமுறை ஊரை உலுக்கியது கூழைக்கடா. சாம்பல் வெள்ளை உடம்பு பாதி கறுத்துப்போய், சதுப்பில் திகைத்து உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வனத்துறை பிடித்துச் சிகிச்சை தர முயன்றது. பறக்க முடிந்த பறவையை எப்படிப் பிடிப்பது? ரொம்பக் கஷ்டம்.

பறவைக்கு எண்ணெய் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னியவை. நம் ஊர் கீற்றுக் கூரை மாதிரி: உள்ளே தண்ணீர் இறங்காது, கதகதப்பும் வெளியே போகாது. எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு பின்னல் குலையும். கூரை ஒழுகும். நனைந்து குளிரும், கனக்கும், மிதக்க முடியாது. பறவை என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அலகால் இறகைக் கோதுவது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். நம் கூழைக்கடா நீந்தியபடி பையால் மொள்ளும் ஜாதி. அதற்கு நெஞ்சு, வயிறு எல்லாம் எண்ணெய். ஆலாவோ தலையோடு முழுகும் ஜாதி. எண்ணெய்ப் படலத்தில் பாய்ந்தால் கண், அலகு, இறக்கை எதுவும் தப்பாது.

இந்தப் படங்களை எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அப்புறம் என்ன ஆச்சு? கூழைக்கடாவுக்கு உச்சுக் கொட்டிவிட்டு நகரம் கிறிஸ்துமஸ் கேக் வாங்கப் போய்விட்டது. டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தையோடு தெருவில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் புயல், எண்ணெய், விஷவாயு மூன்றும். இதற்கெல்லாம் ஒரு பறவையின் முகம் இல்லாததால், நகரத்துக்குப் பாதி மறந்தே போய்விட்டது.

எண்ணெய்க்கு அரசு அறிவித்த நிவாரணத்தையும் பார்த்துவிடுங்கள். 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் சுமார் 8.68 கோடி. ஒரு படகுக்குக் கொடுத்த பணத்தில் நம் நண்பரின் பீரங்கிக்கு எவ்வளவு பாகம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறில் ஒரு பங்குகூட வராது.

பறவை முகமாக இருப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் எண்ணெய்த் தளம் வெடித்தது. 11 தொழிலாளர்கள் செத்தார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியது. ஜூன் 3-ம் தேதி அசோசியேட்டட் பிரஸ்ஸின் சார்லி ரீடல் லூசியானாவின் ஒரு தீவுக்கரையில் எண்ணெயில் ஊறிய பழுப்புக் கூழைக்கடாக்களைப் படம் எடுத்தார். நம் கூழைக்கடா மாதிரி இல்லை, இது ஆலா மாதிரியே வானத்திலிருந்து பாய்கிற ரகம். அழியும் பட்டியலிலிருந்து அதைத் தேற்றி வெளியே எடுத்தே ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது. அந்தப் படம் இன்றும் எல்லோருக்கும் ஞாபகம். செத்த 11 பேரில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா?

ஆனால் அமெரிக்காக்காரன் ஒரு காரியம் செய்தான். செத்த பறவைகளை எண்ணினான். எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதினான். 2012-ல் பி.பி. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, அந்த 11 சாவுகளோடு, 1918-ம் வருஷத்துப் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய குற்றமும் சேர்ந்தே இருந்தது. சதுப்பு நிலங்களுக்கென்றே 10 கோடி டாலர் கட்டவைத்தார்கள். பறவை அங்கே அழகுப் பொருளாக நிற்கவில்லை. சாட்சிக் கூண்டில் நின்றது.

நம்மிடம் அந்தச் சாட்சி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது.

இங்கே கலை பற்றிய அந்தக் கேள்விக்கு வருகிறேன். தேர்ந்தெடுப்பது கலைதான். ஆனால் எண்ணூரில் எல்லோரும் ஒரே மாதிரித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே கழிமுகத்தைக் காகிதத்தில் அழித்தவர்களும் சுற்றுப்புறத்தைத்தான் வெட்டினார்கள். நீங்கள் வேறு அதையே ஏன் செய்யவேண்டும்? அவர்கள் ஆற்றை வெட்டினார்கள், நீங்கள் ஆலையை வெட்டுகிறீர்கள். இருவர் கையிலும் கத்தரிக்கோல். அதோடு, உங்கள் கேமரா பேட்டரி எதில் சார்ஜ் ஆகிறது? நீங்கள் வெட்டியெறிந்த சிம்னியின் உபயத்தில். கரன்ட் வேண்டும், சிம்னி மட்டும் படத்தில் வேண்டாமா?

அழகு கெடும் என்பது சும்மா. எம். பழனி குமார் என்கிற புகைப்படக்காரர் இதே பக்கிங்ஹாம் கால்வாயில் இருளர் பெண்களைப் படம் எடுத்திருக்கிறார். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள். பிடித்ததைப் போட்டுவைக்கப் பனையோலைக் கூடை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார்கள். கையெல்லாம் வெட்டுக்காயம். எண்ணூரில் தண்ணீருக்குள் புகுந்து பிழைப்பது பறவை மட்டுமில்லை, ஸார். அந்தப் படங்களில் அழகு இல்லை என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம். ஆலாவுக்காகக் காத்திருக்கும் நம் படகு இந்தப் பெண்களையும் தாண்டித்தான் போகிறது. யாரும் லென்ஸைத் திருப்புவதில்லை. 600 எம்.எம். லென்ஸில் பக்கத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது என்பது உண்மைதான்!

‘நாங்கள் பறவைப் பிரியர்கள், அரசியல் வேண்டாம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரியமா? டெல்லியில் யமுனைக் கரையில் குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். கடற்காகங்கள் கூட்டமாகப் பறந்து வந்தால் படம் நன்றாக இருக்கும் என்று மிக்ஸரை வாரி வாரி வீசுகிறார்கள். சைபீரியாவிலிருந்து வந்த பறவைக்கு ஓமப்பொடி! மீனை நம்பி வந்ததை மசாலாவுக்குப் பழக்குவது எந்த ஊர்ப் பிரியம்? படகை நேரே கூட்டத்துக்குள் விட்டுக் கிளப்பி, பறக்கும்போது சுடுவது இன்னொரு பிரியம். இங்கே அது வேண்டாம். மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கீழே மீன் கூட்டம் இருந்தால் அதுவாக வந்து விழும். மீனவர்கள் ஆலா விழுவதைப் பார்த்துத்தான் காலங்காலமாக வலை விட்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்வார்கள்.

இனி நான் கேட்பது. போட்டிக்கு வெட்டிய படம் அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெட்டாத மூலத்தையும் வைத்திருங்கள். ஒவ்வொரு ஆலாவுக்கும் ஒரு அகலமான படம் கூட எடுங்கள்: பறவை எள்ளளவு தெரிந்தாலும் போதும், சிம்னியும் கரையும் தெரியட்டும். கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். (பேட்டரி மாற்றினால் 2000-மாவது வருஷத்துக்குப் போய்விடுகிற கேமராக்கள் உண்டு.) தண்ணீர் என்ன நிறம், முகத்துவாரம் திறந்திருந்ததா, அடைந்திருந்ததா, இவ்வளவும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எங்கே உதவும்? 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்கள் பலவற்றுக்குப் பொது விசாரணை நடத்தவேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ மேடையில் இருப்பார். திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டரில் என்னென்ன உயிரினம் என்று கம்பெனி ஒரு பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலில் ஆலா இல்லையென்றால் எழுந்து நின்று படத்தைக் காட்ட யாராவது வேண்டாமா? மேடைக்குக் கீழே நின்று குரல் கொடுப்பவர்கள் வழக்கமாகக் காட்டுக்குப்பத்து, முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள்தான். அவர்கள் வாயால் சொல்வதை மினிட்ஸில் ஒரு வரியாகச் சுருக்கிவிடலாம். தேதி போட்ட இருநூறு படத்தை அப்படிச் சுருக்க முடியாது.

படகுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அகலமான படம், அவர் படகின் முனையும் தெரிகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதி விவரமெல்லாம் உதிர்ந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அடுத்த தடவை நோட்டுப் புத்தகத்தோடு யாராவது வந்து, ‘இங்கே முன்னாடி மீன் இருந்ததுக்கு என்னய்யா ஆதாரம்?’ என்று கேட்டால், லுங்கி மடிப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டுவார்.